ஜன்னலில் நின்றவள்

கேள்வி: எனக்கு வயது 36. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். கணவரின் குடும்பம் நான்கு தலைமுறையாக ஒரே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் இருக்கிறது. மாமனார் பல வருடம் சபை கமிட்டியில் இருந்தவர். சென்ற ஆண்டு எங்கள் மகனுக்கு டெங்கு முற்றி, 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தான். அதற்குப் பிறகு ஆராதனையில் கீர்த்தனை பாடும்போது என்னையறியாமல் கை உயர்கிறது, கண்ணீர் வருகிறது. சில வாரம் அப்படியே முழங்காலில் நின்றுவிடுகிறேன். "என்ன, பெந்தெகொஸ்தே ஆகிவிட்டாயா?" என்று கணவரின் சித்தி கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கணவரோ, "வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் அழு. கோயிலில் வேண்டாம். முடியாவிட்டால் பின்னால் தூண் ஓரமாக உட்கார்ந்துகொள்" என்கிறார். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் அவர். அவருக்கு என் நிலை எப்படிப் புரியும்? மற்றவர்களுக்காக என் ஆராதனையைக் குறைத்துக்கொள்ளவா, வேறு சபைக்குப் போய்விடவா? இன்னொன்று: பாடகர் குழுவில் ஆள் குறைவு என்று ஐயரம்மா, எங்கள் போதகர் ஐயரின் மனைவி, கூப்பிடுகிறார். சேரலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து. இரண்டாம் முறை ஆண்கள் வரிசையில், உங்கள் கணவருக்குப் பக்கத்தில். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும்.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கையை இறக்க வேண்டாம். தூண் ஓரம் போக வேண்டாம். சபையையும் மாற்ற வேண்டாம்.

சித்தி கேட்ட கேள்வியை அதிகம் சுமக்காதீர்கள். கைகளைப் பரிசுத்த ஸ்தலத்துக்கு நேராக எடுக்கச் சொல்கிற 134ஆம் சங்கீதம் எந்தச் சபைக்கும் தனிச் சொத்து அல்ல. பரிசுத்தமான கைகளை உயர்த்தி ஜெபம்பண்ண வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது சி.எஸ்.ஐ.யும் கிடையாது, பெந்தெகொஸ்தே சபையும் கிடையாது. முழங்காற்படியிடுவது நம் ஆராதனை முறைமையிலேயே இருக்கிறது. முதுகுவலி, நாற்காலி, அவசரம் என்று நாம்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டோம்.

கீர்த்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் படித்த வேதநாயகம் சாஸ்திரியார், கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவப் பாட்டுகளைக் கட்டிக் குவித்தார். பின்னால் வந்த மிஷனரிகள் சிலருக்கு அந்தத் தமிழ்ப் பாட்டும் வாத்தியமும் உறுத்தின. ஆராதனைக்கு இது அடுக்குமா என்றார்கள். இன்று அதே கீர்த்தனையைப் பாடுவதுதான் நம் ஊரில் பழைய, கௌரவமான கிறிஸ்தவக் குடும்பத்தின் அடையாளம்! ஒரு தலைமுறைக்கு உறுத்துவது இன்னொரு தலைமுறைக்குப் பாரம்பரியம். ஆனால் இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: பாட்டுக்காக வாதாடிய அதே சாஸ்திரியார், கோயிலில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது என்றும் வாதாடினார். ஊர் எதிர்த்தாலும் அசையாமல் நிற்பவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. நம்மை நாலு பேர் ஏளனம் செய்கிறார்கள் என்பது நம் பக்திக்குச் சான்றிதழ் ஆகாது. அந்தக் கணக்கு தனி.

இப்போது என்னைப் பற்றி. என் ஆச்சி கோயிலில் பாய் விரித்து முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பிரசங்கத்தில் ஐயர் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் "ஸ்தோத்திரம்!" என்று உரக்கச் சொல்வார்கள். சில சமயம் ஐயர் சொல்லி முடிப்பதற்கு முன்பே. எனக்கு அப்போது பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். போர்டிங் பள்ளியில் படித்துவிட்டு லீவுக்கு வந்திருப்பேன். கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்து, ஆச்சியோடு உட்காராமல் நாலு வரிசை தள்ளி யாரோ போலப் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆச்சி ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. ஆராதனை முடிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு எடுத்துத் தருவார்கள். ஆச்சி போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தில் வழக்கமான ஓர் இடத்தில் ஐயர் தன்னையறியாமல் நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆகவே, ஆராதிக்கிறவர்களைப் பார்த்துக் கூசுகிறவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்த ஜன்னலில் நின்றிருக்கிறேன்.

ஜன்னல் என்றதும் உங்களுக்கே ஞாபகம் வந்திருக்கும். கர்த்தருடைய பெட்டி, அதாவது இஸ்ரவேலரின் பரிசுத்த உடன்படிக்கைப் பெட்டி, எருசலேமுக்கு வருகிறது. தாவீது ராஜா ஆசாரியர் அணிகிற சணல்நூல் ஏபோத்தைக் கட்டிக்கொண்டு முழுப் பலத்தோடும் ஆடுகிறான். முந்தைய ராஜா சவுலின் மகளும் தாவீதின் மனைவியுமான மீகாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, மனதுக்குள் அவனை அவமதிக்கிறாள். நாம் கேட்கிற பிரசங்கமெல்லாம் இந்த இடத்தில் தாவீதுக்குக் கைதட்டி, மீகாளைத் திட்டி முடிந்துவிடும். "மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படாதே, தாவீதைப் போல ஆடு." சரிதான். உங்களுக்கும் அதையே எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தால் அவ்வளவு சுலபமாக இல்லை.

முதலில் தாவீது. அவன் கவலையில்லாமல் துள்ளி வந்தவன் அல்ல. கொஞ்ச காலத்துக்கு முன்புதான் இதே பெட்டியை முதல் முறை கொண்டுவரப் பார்த்து, வழியில் மாடு மிரண்டு, பெட்டியைப் பிடித்த ஊசா செத்து விழுந்திருந்தான். தாவீது பயந்துபோய், பெட்டியை ஓபேத்ஏதோம் வீட்டில் விட்டுவிட்டான். 3 மாதம் அது அங்கேதான் இருந்தது. அந்தப் பயத்தைக் கடந்து வந்த பிறகுதான் இந்த ஆட்டம். நீங்கள் 11 நாள் ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தவர். அவன் கால் ஏன் தரையில் நிற்கவில்லை என்று உங்களுக்கு யாரும் வியாக்கியானம் சொல்ல வேண்டியதில்லை.

இனி மீகாள். தாவீதை அவள் நேசித்தாள் என்று வேதமே சொல்கிறது. அப்பா கொலைக்கு ஆள் அனுப்பிய இரவில் அவனை ஜன்னல் வழியாக இறக்கித் தப்பவிட்டவள் அவள்தான். அதற்குப் பிறகு சவுல் அவளை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். பல வருடம் கழித்துத் தாவீது அவளைத் திரும்பக் கேட்டபோது, அந்த இரண்டாம் கணவன் பல்த்தியேல் பகூரிம் வரைக்கும் அழுதுகொண்டே அவள் பின்னால் வந்தான். மீகாள் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்டதாக எழுதியிருக்கவில்லை. அதற்குள் தகப்பனும் சகோதரர்கள் மூவரும் கில்போவா போரில் மாண்டிருந்தார்கள். ஊரே கூத்தாடுகிற நாளில் அவள் மட்டும் மறுபடியும் ஒரு ஜன்னலில் நிற்கிறாள். முதல் ஜன்னலில் அவன் உயிரைக் காப்பாற்றினாள். இரண்டாம் ஜன்னலில் அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. நடுவில் நடந்ததையெல்லாம் விட்டுவிட்டு அவளை எப்படித் திட்டுவது?

ஆடிவிட்டு வந்தவனிடம், ராஜா அற்பனைப் போல நடந்துகொண்டார் என்று அவள் ஏளனமாகச் சொன்னது தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாவீது சொன்ன பதிலைப் பாருங்கள். நான் ஆடியது கர்த்தருடைய சமுகத்தில் என்றான், அதோடு நிறுத்தியிருக்கலாம். "உன் தகப்பனை விட்டு என்னைத் தெரிந்துகொண்ட கர்த்தர்" என்று செத்துப்போனவனையும் நடுவில் இழுத்தான். ஜனங்களுக்கெல்லாம் அப்பமும் இறைச்சியும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, தன் வீட்டாரை ஆசீர்வதிக்கத்தான் அவன் திரும்பி வந்தான் என்று அந்த வசனம் சொல்கிறது. வாசலில் சண்டை வந்தது. ஆசீர்வாதம் என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.

பதில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், பிள்ளையில்லாமல் தவித்த அன்னாளிடம் போங்கள். சீலோவில் அவள் உதடு மட்டும் அசைய ஜெபிப்பதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்து ஏலி கடிந்துகொண்டார். கோயில் வாசலில், ஆசாரியன் வாயாலேயே! சித்தி கேட்டதைவிடப் பெரிய அவமானம் அது. அன்னாள் கூனிக்குறுகவும் இல்லை, எகிறவும் இல்லை. "அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்றாள். குடிக்கவில்லை, என் இருதயத்தைக் கர்த்தர் சந்நிதியில் ஊற்றினேன் என்று உள்ளதைச் சொன்னாள். அந்தப் பதிலைக் கேட்டு, தவறாக நினைத்த அதே ஏலிதான் அவளைச் சமாதானத்துடனே போகச் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை சித்தி கேட்டால் நீங்களும் உள்ளதைச் சொல்லுங்கள். "சபையெல்லாம் மாறவில்லை சித்தி. பிள்ளை பிழைத்ததை நினைத்தால் கை தானாகப் போகிறது." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே.

இனி உங்கள் கணவர். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர்" என்று அந்த வரியைக் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்து அழுந்தியிருந்தது. அந்த 11 நாளும் யார் ரத்தத்துக்கு அலைந்தது, யார் பணம் புரட்டியது, யார் டாக்டரிடம் முதலில் போய்ப் பேசியது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தட்டணுக்கள் எவ்வளவு இறங்கின என்று உங்களிடம் குறைத்துக்கூடச் சொல்லியிருப்பார். கமிட்டிக்காரர் மகனாக, நாலு பேர் பார்வையில் நிமிர்ந்து உட்கார்ந்து பழகிய உடம்பு அது, அழத் தெரியாது. நீங்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கை உயர்த்தும்போது அவர் கண்ணில் படுவது ஊராரின் பார்வை மட்டும்தானா? அந்தக் கண்ணாடிக் கதவும் தெரிகிறதோ என்னவோ. ஊர் என்ன சொல்லும் என்று அவர் சொல்வது, தன்னால் அதைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லத் தெரியாததால்கூட இருக்கலாம். நான் தவறாகவும் இருக்கலாம், வெறும் கௌரவப் பிரச்சினையாகவே இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஒரு வார நாளில், பையன் தூங்கிய பிறகு, "அந்த 11 நாளில் உங்களுக்கு ரொம்பப் பயமாக இருந்தது எந்த நாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கையைப் பற்றியோ தூணைப் பற்றியோ அன்றைக்குப் பேசாதீர்கள்.

இவ்வளவு சொன்னவள் உங்களையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஊர் பார்க்கிறதே என்று கையை இறக்குவதும், ஊர் பார்க்கட்டும் என்று கையை இன்னும் கொஞ்சம் உயர்த்துவதும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. இரண்டிலும் நம் கண் சித்தி மேல்தான் இருக்கிறது. சித்தி கேட்ட அன்றைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கை எப்படி உயர்ந்தது? பழையபடியா, அல்லது "பார்க்கிறாயா, பார்" என்றா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். வீதிச் சந்திகளில் மனுஷர் காண ஜெபிக்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்று இயேசு சொன்னது பரிசேயருக்கு மட்டும் என்று நாம் வைத்துக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: கதவை அடைத்த அறையிலும் அந்தக் கை உயர்கிறதா? உயர்கிறது என்றால் கோயிலில் உயர்வதைப் பற்றிக் கவலை இல்லை.

சில்லறை விஷயங்கள் இரண்டு. பாட்டு முடிந்து ஐயர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டால் நீங்களும் அந்த ஜெபத்துக்கு வந்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரின் ஜெபமும் ஆராதனைதான். முழங்காலில் நிற்கத் தோன்றினால் வரிசையின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், வழி மறிக்காது. இது பயந்து தூண் ஓரம் போவது அல்ல. முன்வரிசையிலும் ஓரம் உண்டு.

வேறு சபை பற்றி முன்பே சொல்லிவிட்டேன். போகவே கூடாது என்றில்லை. மனம் நிறைந்து போகலாம், கோபத்தில் போக வேண்டாம். ஐயரிடம் ஒரு முறை நேரில் போய்ப் பேசுங்கள், முடிந்தால் கணவரோடு.

பாடகர் குழுவில் தாராளமாகச் சேருங்கள். ஐயரம்மா உங்களைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். வாசலில் நின்ற எல்லோரும் சித்தியின் பக்கம் இல்லை. பயிற்சிக்கு நேரத்தோடு போக வேண்டும், பக்கத்தில் பாடுகிறவரின் குரலைக் கேட்டுத்தான் பாட வேண்டும். ஒரே ஒரு சங்கடம். அங்கே இரண்டு கையும் உயர்ந்தால் பாட்டுப் புத்தகத்தை யார் பிடிப்பது? முதல் மாதம் சரணங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள்.