குழந்தை திடீரென்று குறுக்கே வந்தால் ஓட்டுநர் மீது தவறு இல்லையா?

"குழந்தைதான் குறுக்கே ஓடியது, காரோட்டி என்ன செய்வார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் ‘திடீரென்று’ எவ்வளவு உண்மை என்பதில்தான் விடை இருக்கிறது.

நிறுத்திய வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பந்து உருண்டு வருகிறது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை வரும் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 50 கி.மீ. வேகத்தில், கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு விநாடியிலேயே கார் 14 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையிலும் நிற்பதற்கு ஏறக்குறைய இன்னும் அவ்வளவு தூரம் வேண்டும். 30 கி.மீ. என்றால் மொத்தமே சுமார் 13 மீட்டர். 50-இல் வந்தவர் பிரேக்கைத் தொடும் இடத்தில் 30-இல் வந்தவர் நின்றே விட்டிருப்பார்! விசாரணையில் டயர்த் தடத்தை அளப்பதும், பக்கத்தில் பள்ளி உண்டா என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

இந்தியாவில் குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. உயிர் போயிருந்து அலட்சியம் ஐயமற நிரூபணமானால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106(1) பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. இழப்பீட்டுக்கு அவ்வளவு கடுமையான நிரூபணம் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவிலோ யார் தவறு என்றே காட்ட வேண்டாம்: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். ‘பிள்ளை மீதும் பாதித் தவறு’ என்ற வாதம் சிறு குழந்தைகள் விஷயத்தில் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

அடிபட்ட பிள்ளைக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்துக்குப் பயந்து விலகியவரும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்லியாக வேண்டும்.