ஆசிரியர் வேலையிலிருந்து இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் துறைக்கு வர எந்தச் சான்றிதழ் படிக்க வேண்டும்?

சில வருடம் வகுப்பெடுத்துவிட்டு, வாங்கும் சம்பளத்துக்கும் வீட்டுக்குத் தூக்கி வரும் பேப்பர் கட்டுக்கும் கட்டுப்படியாகாமல் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி வந்தவள்தான். பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது இந்தத் துறையில், அதாவது கம்பெனிகளுக்குப் பயிற்சி வடிவமைக்கும் வேலையில், பதினோரு வருடம் ஆகிறது.

சான்றிதழுக்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. மெஷினைப் பழுது பார்ப்பவர் மின்சாரத்தைத் துண்டித்து, மெயின் ஸ்விட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். லாக்அவுட் டேக்அவுட் என்பார்கள். ‘ஆட்கள் பூட்டே போடுவதில்லை, பயிற்சி கொடுங்கள்’ என்றார்கள்.

மூன்று வாரம் உட்கார்ந்து, எந்தத் திரையில் என்ன வரும் என்று ஸ்டோரிபோர்டு எழுதினேன். ஸ்டோரிலைன் என்ற மென்பொருளில் நாற்பது நிமிட மாட்யூல், அதாவது கணினிப் பாடம். அதை ஸ்கார்ம் என்ற பொது வடிவக் கோப்பாக, ஆட்கள் பாடம் படிக்கும் எல்.எம்.எஸ். தளத்தில் ஏற்றியாயிற்று. எல்லோரும் முடித்தார்கள், எல்லோரும் பாஸ். மேலாளர் பாராட்டி மெயில் அனுப்பினார். ஒரு மாதம் கழித்து அங்கே போனபோது, ஒருவர் பூட்டில்லாமல் கன்வேயருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற வயதான ஃபிட்டர் சொன்னார்: “பூட்டு போடணும்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? பூட்டு ஸ்டோர்ல கெடக்கு. இன்சார்ஜ்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அரைமணி நேரம் லைன் நின்னுடும். ஏன் நின்னுச்சுன்னு அப்புறம் எங்களத்தான் கேப்பாங்க.”

மூன்று வாரத்தில் ஒருநாள் அவரிடம் போய் நின்றிருந்தால் போதும். நான் பேசியதெல்லாம் ஏ.சி. அறையில் இருந்த பாதுகாப்பு அதிகாரியிடம் மட்டும்தான். பிறகு லைன் பக்கத்திலேயே ஒரு பலகை, ஆளுக்கொரு பூட்டு, கூடவே தமிழிலும் இந்தியிலும் ஒரு பக்கத் தாள் என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதி கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அடுத்து மூன்று முறை போனபோதும் பூட்டு தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன். இந்த வேலையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தப் பலகையைத்தான்.

தியரி தெரியாதவள் பேசுகிறாள் என்று யாராவது நினைக்கலாம். 1975-இல் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய ‘ஆடி’ (ADDIE) என்ற பயிற்சி வடிவமைப்பு முறையில் முதல் படியே, சிக்கல் எங்கே என்று பார்க்கும் பகுப்பாய்வுதான். பயிற்சி பலித்ததா என்று அளக்க 1959-இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் சொன்ன நான்கு நிலைகளில் மூன்றாவது, கற்றதை வேலையில் செய்கிறார்களா என்பது. இரண்டும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் மெயிலில் வந்த பாராட்டோடு நின்றுவிட்டேன்.

அதனால் சான்றிதழே வேண்டாம் என்று சொல்லவில்லை. டூல் பழக ஒரு சின்ன கோர்ஸ் படியுங்கள், கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். உங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பதியும்போது எங்கே திணறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த ஒரு சிக்கலைத் தீர்க்கும் ஒரு பக்கத் தாளோ, ஐந்து நிமிட வீடியோவோ செய்யுங்கள். அதைப் பார்த்து அவர் தானாகச் செய்தாரா என்பதையும் குறித்து வையுங்கள். நேர்காணலுக்கு எடுத்துப் போக வேண்டியது அதுதான். நான் ஆள் எடுக்கும்போது அதைத்தான் கேட்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு என்ற பெயரில் சில கம்பெனிகள் முழு மாட்யூலே செய்து தரச் சொல்வார்கள். ஆரம்பத்தில் ஒரு கம்பெனிக்கு இரண்டு ராத்திரி கண்விழித்துச் செய்து கொடுத்தேன். வேலை இல்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அங்கே சேர்ந்த தோழி, அவர்கள் விற்ற கோர்ஸ் ஒன்றை விவரித்தாள். அதே காட்சி, அதே வசனம். கதாபாத்திரத்துக்கு நான் வைத்த என் ஆயாவின் பெயரைக்கூட மாற்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஐந்து ஸ்லைடுக்கு மேல் கேட்டால், எவ்வளவு தருவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.