கணினிப் பியானோ: எதை வாங்குவது, எப்படி வாசிப்பது?

கே: ஒலிப்பதிவுக்கும் மேடைக்கும் ஒரே மென்பொருள் போதுமா? (திருமங்கலம்)

போதும். பியானோடெக் என்ற மென்பொருள் மாடலிங் முறையில் ஒலியை அவ்வப்போதே கணக்கிட்டு உருவாக்குவதால் வட்டில் நூறு எம்பி கூடத் தேவைப்படாது. பழைய லேப்டாப்பிலும் நொடியில் திறக்கும். தனிப் பியானோப் பதிவு என்றால் மட்டும் ஐவரி போன்ற சாம்பிள் தொகுப்பையும் (உண்மைப் பியானோவின் ஒலியைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்தது) கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கே: கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்தே ஒலி வருகிறது. லேப்டாப்பை மாற்றவா? (மேலூர்)

ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை வெளியே தரும் பெட்டி) எது, அதை இயக்கும் டிரைவர் எது, பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) எவ்வளவு என்று ஒன்றையும் எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? விண்டோஸ் என்றால் ஏசியோ (ASIO) என்ற தாமதம் குறைந்த டிரைவரில் பஃபரை 128 சாம்பிள் ஆக்குங்கள். அதனால் வரும் தாமதம் ஏறக்குறைய 3 மில்லி செகண்ட்தான். 1024 என்று விட்டிருந்தால் 23 ஆகும். புளூடூத் ஹெட்போனில் வாசிக்கவே வாசிக்காதீர்கள்.

கே: கீஸ்கேப் என்ற சாம்பிள் தொகுப்பு 77 ஜிபி என்கிறார்கள். அதுதானே சிறந்த பியானோ? (அண்ணா நகர், மதுரை)

எடை போட்டு வாங்க இது கத்தரிக்காய் அல்ல. அந்த 77 ஜிபியில் ரோட்ஸ், வுர்லிட்சர், கிளாவினெட் என்ற மின் கீபோர்டுகள் எல்லாம் அடங்கும். கிராண்ட் பியானோ அதில் ஒரு பங்குதான். தொகுப்பு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜிபியைச் சொல்லிப் பெருமைப்படுவதுதான் எனக்குப் பொறுக்காது. சென்ற ஆண்டு பதிவுக்கு வந்த ஒரு தம்பி, பெரிய தொகுப்பை வைத்துக்கொண்டும் பியானோ தகரம் போல ஒலிக்கிறது என்று குறைப்பட்டார். அவருடைய மிடி பதிவை (எந்தக் கட்டையை எப்போது, எப்படி அழுத்தினார் என்ற குறிப்பை) திறந்து பார்த்தேன்: தாலாட்டுப் பாட்டுக்கு வாசித்த ஸ்வரங்களின் வெலாசிட்டி (கட்டையை அடித்த வேக அளவு) அத்தனையும் 105-க்கும் 120-க்கும் இடையில் கிடந்தது. 127 வரை போகும் அளவில், ஓங்கி அடித்த சாம்பிள்கள் மட்டுமே ஒலித்திருக்கின்றன. மென்மையாகத் தொட்டுப் பதிவு செய்த அடுக்குகளை அவருடைய 61 கட்டைக் கீபோர்டு எட்டிப் பார்க்கவே இல்லை. விரலின் அழுத்தம் எந்த வெலாசிட்டியாகும் என்று தீர்மானிக்கும் வெலாசிட்டி கர்வை மாற்றி மறுபடி வாசிக்கச் சொன்னதும், அதே தொகுப்பு வேறு பியானோவாகப் பேசியது. முதலில் கர்வ், அடுத்து பஃபர், ஜிபி கடைசியில்.

கே: நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்கச் சொல்கிறார்கள். டிரான்ஸ்போஸ் (எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒரே அளவில் நகர்த்தும் வசதி) போட்டால் போதாதா? (திருப்பரங்குன்றம்)

இரண்டரைக் கட்டைச் சுருதி என்றால் டி ஷார்ப். அதுவரை டிரான்ஸ்போஸ் உதவும். ஆனால் நாதஸ்வரத்தின் சீவாளி சூடேறும்போது சுருதி நகரும், கீபோர்டின் 440 ஹெர்ட்ஸ் நிலைச் சுருதியைப் பார்த்துக்கொண்டு நிற்காது. மேடையிலேயே கேட்டு, மொத்தச் சுருதியையும் நுண்ணளவில் மாற்றும் மாஸ்டர் டியூனிங்கை நகர்த்துங்கள்.

கே: கிராக் (பூட்டு உடைத்த திருட்டு) பதிப்பு மேடையில் நின்றுபோகுமா? (உசிலம்பட்டி)

இலவச முன்னோட்டப் பதிப்புகள் இருக்கின்றன. அதற்கு மேல் பதில் இல்லை.

கே: சித்திரை மாதக் கச்சேரியில் லேப்டாப் உறைந்துவிட்டது. (செல்லூர்)

மேடை விளக்கின் நேர் கீழே, துணி விரித்த மேசையில் வைத்திருப்பீர்கள். சூடானால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒலி விட்டு விட்டு வரும். அடிப்பக்கம் காற்றுப் போக உயர்த்தி வையுங்கள், வைஃபையை அணையுங்கள், கச்சேரிக்கு முந்தின நாள் எதையும் அப்டேட் செய்யாதீர்கள். லேப்டாப்பின் சுமை குறைய பஃபரை 256 ஆக்கலாம். கீபோர்டின் சொந்தப் பியானோ ஒலியை மிக்சரின் இன்னொரு சேனலில் தயாராகச் செருகி வைத்திருங்கள்.