கன்சல்டன்சிக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ, கணிதப் பிரிவு. வானியலாளர் ஆக வேண்டும் என்கிறாள். ராத்திரி முழுக்க மலைமேல் டெலஸ்கோப்போடு இருக்கும் வேலையில் குடும்பம் நடத்த முடியுமா? ஒரு கன்சல்டன்சி, நான்கு லட்சம் கட்டினால் 'வானியல்' பட்டப்படிப்பில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. சேர்க்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது உங்கள் மகளுக்குத் தேவை இயற்பியலும் கணிதமும். பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் போதும். அப்புறம் எம்.எஸ்சி., அதற்குப் பிறகு ஆராய்ச்சிப் படிப்பான பிஎச்.டி. பட்டத்தின் பெயரில் வானியல் இருக்கிறதே என்று பிஎச்.டி. நேர்காணலில் யாரும் அசந்துபோக மாட்டார்கள். குவாண்டம் இயக்கவியலில் ஒரு கணக்கைக் கொடுத்து, கரும்பலகையில் போடச் சொல்வார்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனமோ புணேயில் இருக்கும் வானியல் ஆய்வு மையமான ஐயூக்காவோ, உள்ளே போக வழி நுழைவுத் தேர்வும் நேர்காணலும்தான். அங்கே ஏஜென்ட்டுக்கு வேலையே கிடையாது.

இந்த ஆசையை வைத்துப் பிழைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'நாசா சான்றிதழ்' தருவார்கள். எந்தத் தேர்விலும் அதற்கு மதிப்பில்லை. நட்சத்திரத்துக்குப் பிள்ளையின் பெயரை வைப்பதாகவும் பணம் பறிக்கிறார்கள். அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டும் சர்வதேச வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதே இல்லை. சூரியனைச் சுற்றிவரும் சிறு பாறைகளான குறுங்கோள்களை மாணவர்கள் தேடும் சர்வதேசத் திட்டம் ஒன்று இருக்கிறது, அது முழுக்க இலவசம். அதற்கும் நடுவில் புகுந்து கட்டணம் வசூலிக்கிறவர்கள் உண்டு. கேட்கவே வயிறு எரிகிறது.

சரி, ராத்திரி வேலை. கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து விடிய விடிய உட்காரும் காலம் போய்விட்டது. தொலைநோக்கியைப் பயன்படுத்த நேரம் கேட்டு விண்ணப்பித்தால் ஒரு பருவத்துக்குச் சில இரவுகள் கிடைக்கும். திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. அங்கே போனாலும் கணினித் திரை முன்னால்தான் உட்காருவீர்கள். ஈரப்பதம் ஏறினால் குவிமாடத்தை மூடிவிட்டு டீ குடிக்க வேண்டியதுதான். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில், ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூரு அருகே ஹொஸகோட்டையிலிருந்தே இயக்குகிறார்கள். மற்ற நாளெல்லாம் தரவு, கணினி நிரல், கட்டுரை என்று பகல் வேலைதான்.

குடும்பத்துக்குச் சோதனை வருவது பிஎச்.டி.க்குப் பிறகு. பிஎச்.டி.க்கு ஐந்து, ஆறு ஆண்டுகள். அதில் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயில் தொடங்கும். பல இடங்களில் அது மாதக்கணக்கில் தாமதமாகிறது, கேட்பாரில்லை. அப்புறம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி. இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம், பெரும்பாலும் வெளிநாடு, முடிந்ததும் இன்னோர் ஊர். கல்யாணமும் குழந்தையும் வருகிற வயதில்தான் இந்த அலைச்சல். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே ஊரில் வேலை அமைவது அபூர்வம். பிள்ளை பெற்று இரண்டு ஆண்டு நின்ற பெண்ணிடம் 'ஏன் கட்டுரை குறைந்தது' என்று கேட்கும் தேர்வுக்குழுக்களை எப்போது திருத்தப் போகிறார்கள்? நீங்கள் மகளோடு உட்கார்ந்து பேச வேண்டியது இந்தக் காலகட்டத்தைப் பற்றி.

பொறியியலில் சேர்ந்துவிட்டால் வானியல் அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐயூக்காவின் பிஎச்.டி. நுழைவுத் தேர்வை பி.இ. முடித்தவர்களும் எழுதலாம். கருவிகள் செய்ய ஒளியியல், மின்னணு, மென்பொருள் தெரிந்தவர்கள் வேண்டும். 2023 செப்டம்பரில் ஏவிய ஆதித்யா எல்1 விண்கலத்தின் முக்கியக் கருவியான, சூரியனின் வெளி வளிமண்டலத்தைப் படம்பிடிக்கும் சூரிய ஒளிவட்ட வரைவியை இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் உருவாக்கியது. அதில் பொறியாளர்களின் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆராய்ச்சி ஒத்துவராவிட்டாலும் பி.இ. கையில் இருக்கும் என்ற தைரியம் சில வீடுகளுக்குத் தேவைப்படுகிறது, அதில் தப்பில்லை. ஆனால் விருப்பப் பாடமாகவாவது இயற்பியலை விடாமல் படிக்க வேண்டும். விட்டவர்கள் நுழைவுத் தேர்வில் திணறுவார்கள்.

இந்த விடுமுறையில் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். இணையத்தில் இலவசமாகவே பாடங்கள் கிடைக்கின்றன. காவலூரில் பொதுமக்களை அனுமதிக்கும் நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு ஒருமுறை அழைத்துப் போங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் அவளே பேசட்டும்.