ஹாரன் ஸ்பீக்கருக்கு எந்த வால்வு ஆம்ப், எந்த கிராஸ்ஓவர்?

கேள்வி: மூடிவிட்ட ஒரு தியேட்டரிலிருந்து இரண்டு பெட்டி வாங்கினேன். கீழே 15 இஞ்ச் வூஃபர், மேலே கம்ப்ரஷன் டிரைவரோடு (பின்னால் ஒலி எழுப்பும் சின்ன யூனிட்) ஹாரன். உள்ளே கிராஸ்ஓவர் (கீழ் ஒலியை வூஃபருக்கும் மேல் ஒலியை ஹாரனுக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) இல்லை. எங்கள் ஹால் 12-க்கு 16 அடி. 300பி வால்வு ஆம்ப் வாங்கச் சொல்கிறார் ஒருவர், கேடி88 போட்ட 60 வாட் ஆம்ப் இல்லாமல் வூஃபர் அசையாது என்கிறார் இன்னொருவர். எதை வாங்கட்டும்?
- குடியாத்தம் வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் கிராஸ்ஓவரை முடிவு செய்யுங்கள், எந்த ஆம்ப் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

வாட் பற்றிய பயத்தை விடுங்கள். வீடுகளில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் சுமார் 87 டெசிபல் தரும். தியேட்டர் வூஃபர் 97-ஐ ஒட்டித் தரும். 10 டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்கு வாட் போதும், அதாவது அங்கே 60 வாட் செய்யும் வேலையை இங்கே 6 வாட் செய்துவிடும். ஒற்றை 300பி சுமார் 8 வாட் தரும், உங்கள் ஹாலுக்கு அதுவே தாராளம். ஆனால் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிச் சரிசெய்வது) இல்லாத ஒற்றை வால்வு ஆம்புக்கு டேம்பிங், அதாவது கோனின் ஆட்டத்தை அடக்கும் பிடி, குறைவு, அவ்வளவு பெரிய கோனைப் பிடித்து நிறுத்தாது, தவில் அடி கொழகொழவென்று கேட்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஆம்புக்கு முன்பே ஒலியைப் பிரிக்கும் ஒரு ஆக்டிவ் கிராஸ்ஓவர் வாங்கி, வூஃபருக்கு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப், ஹாரனுக்கு மட்டும் இஎல்84 போட்ட சின்ன வால்வு ஆம்ப் கொடுங்கள். 300பி வால்வின் விலையைப் பார்த்தால் இஎல்84 எவ்வளவோ மலிவு. டிரைவரின் வாய் 1 இஞ்ச் என்றால் பொதுவாக 1,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பிரிக்கக் கூடாது, டயஃப்ரம் (உள்ளே அதிரும் மெல்லிய தகடு) போய்விடலாம். 2 இஞ்ச் என்றால், ஹாரனும் பெரிதாக இருந்தால், 500 முதல் 800 வரை இறங்கலாம்.

அப்புறம், பலர் விட்டுவிடும் ஒரு விஷயம். டிரைவர் 107 டெசிபல் என்றால் வூஃபரைவிட 10 கூடுதல். அதை கிராஸ்ஓவரின் வால்யூமில் குறைத்தால் பாட்டு மட்டும்தான் குறையும், ஆம்பின் ஹம்மும் இரைச்சலும் அப்படியே ஹாரனில் வரும். ஆம்புக்கும் டிரைவருக்கும் நடுவில் எல்-பேட் (ஒலியைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்) போடுங்கள். 8 ஓம் டிரைவருக்கு சீரிஸில் 5.5 ஓம், டிரைவருக்குக் குறுக்கே 3.7 ஓம். இரைச்சலும் 10 டெசிபல் இறங்கும். டிரைவரின் இம்பிடன்ஸ் (ஓம் அளவு) ஏறி இறங்கினாலும் ஆம்புக்கு ஏறக்குறைய 8 ஓமே தெரியும், வால்வு ஆம்புக்கு இது பெரிய நிம்மதி.

காசு கொடுக்கும் முன் ஹாரனையே எடுத்துப் போய் ஆம்பில் மாட்டி, வால்யூமை பூஜ்யத்தில் வைத்து ஓரடி தூரத்தில் காதை வையுங்கள். விற்பவரின் சாதாரண ஸ்பீக்கரில் கேட்காத ஹம் இதில் கட்டாயம் கேட்கும். இறக்குமதி ஆம்ப் என்றால் 220 வோல்ட்டுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரா என்று பாருங்கள். நம் லைன் ராத்திரியில் 250 தொட்டால் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு சுமார் 7.2 போகும், வால்வு சீக்கிரம் தேய்ந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரில் 240 டேப் (240 வோல்ட்டுக்கான இணைப்பு) இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஸ்டெபிலைசர் கட்டாயம். வேலூர் வெயிலில் ஆம்பை மூடிய ஷோகேஸில் வைக்கவும் கூடாது.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு போதாதா?
- காட்பாடி வாசகர்

பதில்: ஆக்டிவ் கிராஸ்ஓவர் இல்லாமல், ஆம்புக்குப் பிறகு பிரிப்பதற்கான போர்டு அது. அதில் அச்சிட்ட ஹெர்ட்ஸ் பெரும்பாலும் 8 ஓமுக்குப் போட்ட கணக்கு. உங்கள் டிரைவர் 16 ஓம் என்றால் எல்லாமே நகர்ந்துவிடும். ஹாரனை அடக்கும் ரெசிஸ்டரும் உங்கள் டிரைவருக்கு ஏற்றதாக இருக்காது. அப்படிப் பிரிப்பதென்றால் டிரைவரின் டேட்டா ஷீட்டை வைத்துக் காயிலும் கெப்பாசிட்டரும் தனியாக வாங்கிக் கட்டுவதே நல்லது.

கேள்வி: மைக் செட் கூம்பு ஒன்று சும்மா கிடக்கிறது. வால்வு ஆம்பில் மாட்டலாமா?
- ஆற்காடு வாசகர்

பதில்: பாட்டுக்கு வேண்டாம். அது பேச்சுக்காகச் செய்தது, அடிநாதமும் வராது, உச்சமும் வராது. 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் (நீண்ட ஒயரில் பல கூம்புகளை ஓட்ட வைப்பது) உள்ள கூம்பு என்றால் ஆம்பின் 8 ஓம் டேப்புக்குப் பொருந்தவே பொருந்தாது. சோதித்துப் பார்ப்பதென்றாலும் ஸ்பீக்கர் ஒயர் கழன்ற நிலையில் வால்வு ஆம்பை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் நிற்கும், அடி மூடியைத் திறந்து கை வைக்காதீர்கள்.