தசைக்குள் ஓடும் ஊடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குன்றக்குடி மலை ஏறும்போது ஒன்றும் செய்வதில்லை. இறங்கி வந்த மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது. தசையில் டெஸ்மின் இழை அறுவதால் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, காரைக்குடி)

பதில்: பாதி உண்மை. கண்டாங்கித் தறியில் பாவு நீளவாக்கில் ஓட, ஊடை குறுக்கே பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தசைச் செல்லில் பாவு என்பது மயோஃபைப்ரில் எனும் நுண்ணிய நார். சுருங்கி இழுக்கும் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் அதற்குள் இருக்கின்றன. ஊடைதான் டெஸ்மின் என்ற புரதம். ஒவ்வொரு மயோஃபைப்ரிலின் இசட் தட்டையும் (அதன் குறுக்கே வரிசையாக அமைந்த தடுப்பு) பக்கத்திலிருப்பதோடு கட்டி, செல் சவ்வு, உட்கரு, மைட்டோகாண்ட்ரியா வரை பிணைக்கிறது. தடிமன் சுமார் 10 நானோமீட்டர். ஆக்டின் 7, மயோசின் 15. இரண்டுக்கும் நடுவே இருப்பதால்தான் 'இடைநிலை இழை' என்று பெயர். தானாகச் சுருங்காது, ஆனால் அறுபடாமல் நன்றாக நீளும்.

இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அந்த இழுப்பைத்தான் தசை தாங்க மாட்டேன் என்கிறது. முயல்களில் இப்படி நீளவைத்து இயக்கியபோது, 15 நிமிடத்துக்குள்ளேயே சில செல்களில் டெஸ்மின் மறைந்தது. 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும் வலி, அதற்குப் பின் வரும் அழற்சியோடு சேர்ந்தது. மலைக்குப் போக இரண்டு வாரம் முன்பே, நாலைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுப் படியில் 5 நிமிடம் நிதானமாக இறங்கிப் பழகுங்கள். ஒருமுறை பழகிய தசைக்கு அந்தக் காப்பு சில வாரம் நிற்கும். சிறுநீர் கருப்புக் காப்பி நிறத்தில் போனால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 45 வயதில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இப்போது அண்ணனுக்குப் பாதம் தூக்க வரவில்லை. சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) ரத்தப் பரிசோதனை நார்மல். ஆனாலும் டெஸ்மின் மரபணுவைப் பார்க்கச் சொல்கிறார் மருத்துவர். தேவையா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: கட்டாயம் பாருங்கள். டெஸ்மின் மரபணுப் பிறழ்வால் வரும் தசைநோயான டெஸ்மினோபதியில் சிகே நார்மலாகவோ கொஞ்சம் கூடியோதான் இருக்கும். அதை நம்பி விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பிறழ்ந்த டெஸ்மின் இழையாகக் கோக்காமல் கட்டி கட்டியாகத் திரள்கிறது. எலும்புத்தசையைவிட இதயத்தசையில் டெஸ்மின் அதிகம். அதனால் கால் தளரும் முன்பே இதயத்தின் மின்கடத்தல் தடைபடலாம். உங்கள் அப்பாவின் பேஸ்மேக்கரை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

மரபணுச் சோதனையை முதலில் அண்ணனுக்கே செய்யுங்கள். அவரிடம் மாற்றம் உறுதியானால், உடன்பிறந்தவர்களுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும். பெரும்பாலான குடும்பங்களில் பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு. டெஸ்மின் மட்டும் தேடாமல், இதேபோல் தோன்றும் மயோட்டிலின், ஃபிலமின் சி, ஆல்ஃபா பி கிரிஸ்டலின் ஆகிய புரதங்களின் மரபணுக்களும் உள்ள தொகுப்பாகக் கேளுங்கள். தசைத் துண்டு எடுப்பதானால் முழுதும் மெலிந்த தசையில் எடுத்துப் பயனில்லை, கொழுப்புதான் வரும். அரைகுறையாகத் தளர்ந்த தசையே சரி. ஈஎம்ஜி (தசையின் மின்செயல்பாட்டைப் பார்க்கும் சோதனை) ஊசி அண்மையில் குத்திய இடமும் வேண்டாம். துண்டை ஃபார்மலினில் மட்டும் போட்டுவிடாமல் உறையவைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முடிவு வரும்வரை காத்திராமல் அண்ணனுக்கும் உங்களுக்கும் ஈசிஜி, எக்கோ, 24 மணி நேர ஹோல்ட்டர் (உடலில் மாட்டி இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி) மூன்றும் எடுத்துவிடுங்கள். மயக்கமோ படபடப்போ வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: டெஸ்மின் அதிகமாக வேண்டுமென்று புரதப் பொடி குடிக்கலாமா? (வாசகர், புதுவயல்)

பதில்: உதவாது. உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலமாக உடைந்துவிடும். டெஸ்மினைச் செல் தானே செய்துகொள்கிறது.

கேள்வி: ஆட்டுக்கறியை வெட்டிய கையோடு ஃப்ரீசரில் வைத்தால் வேகவே மாட்டேன் என்கிறதே? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: இதிலும் டெஸ்மின் உண்டு. வெட்டிய பிறகு கால்பெயின் என்ற நொதி டெஸ்மினை மெல்ல அறுக்கும். ஊடை போனதும் பாவு பிரிந்து கறி மிருதுவாகும். உறைய வைத்தால் அந்த வேலை நின்றுவிடும். தசை விறைத்து அடங்கும் முன்பே உறைந்த கறி, உருகும்போது கடுமையாகச் சுருங்கவும் செய்யும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 டிகிரிக்குக் குறைவாக ஒரு நாள் மூடி வைத்து, பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். கிழட்டுச் சேவலுக்கு இது பலிக்காது. அங்கே கடினம் தசையைச் சுற்றிய இணைப்புத்திசுவின் புரதமான கொலாஜனில். அதற்குச் சிறுதீயில் நெடுநேரம்தான்.