வண்டி ஆஃப் ஆகிட்டே இருக்கா? ஆக்சிலேட்டர மறந்துட்டு முதல்ல கிளட்ச மட்டும் பழகுங்க

ஒரு வாசகர் கேட்டிருக்காங்க: "டிரைவிங் ஸ்கூல் வண்டில நல்லாத்தான் ஓட்டினேன், லைசென்ஸும் வந்துடுச்சு. இப்ப ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கிருக்கேன். சிக்னல்ல நின்னு கிளம்பினா ஆஃப் ஆகுது, இல்லன்னா தூக்கித் தூக்கி போடுது. மேட்டுல நின்னா பின்னாடி உருளுது. பிரேக் பிடிக்கறப்ப முதல்ல கிளட்சா பிரேக்கான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இருக்கறது ரெண்டு கால், பெடல் மூணு, எப்படித்தான் சமாளிக்கிறது? பேசாம ஆட்டோமேட்டிக் வாங்கிடவா?"

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், மனசு கொஞ்சம் லேசாகும். ஸ்கூல் வண்டில நீங்க நல்லா ஓட்டினீங்கன்னு நினைக்கிறீங்கல்ல, அதுல பாதி உங்க கால் இல்ல. சொல்லிக் குடுக்கறவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வெச்சிருப்பாங்க. வண்டி திணற ஆரம்பிச்ச உடனே அவர் சத்தமே இல்லாம கிளட்ச அமுக்கிருப்பாரு, நீங்க பாட்டுக்கு ரோட்ட பார்த்துட்டு இருந்திருப்பீங்க. பல பேருக்கு நடக்கறது இதான். அதனால இப்ப சொந்த வண்டில ஆஃப் ஆகுதுன்னா உங்களுக்கு டிரைவிங் வரலன்னு அர்த்தம் இல்ல, உங்க இடது கால் இப்பதான் முதல் தடவையா தனியா வேலை பார்க்குது, அவ்வளவுதான்.

மூணு பெடல் ரெண்டு கால் கணக்குக்கு வருவோம். இடது காலுக்கு கிளட்ச் மட்டும்தான், வேற எந்த வேலையும் கிடையாது. வலது கால்தான் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் மாறி மாறி போகணும், அந்த ரெண்டையும் ஒரே நேரத்துல மிதிக்க வேண்டிய அவசியம் சாதாரணமா ஓட்டுறப்ப வரவே வராது. அதனால எப்பவுமே ஒரு நேரத்துல ரெண்டு பெடல்தான். வலது குதிகால பிரேக்குக்கு நேரா தரையில ஊனி வெச்சுகிட்டு, பாதத்த மட்டும் திருப்பி ஆக்சிலேட்டருக்கு கொண்டு போங்க. கால முழுசா தூக்கித் தூக்கி வெக்கறவங்கதான் பதட்டத்துல பிரேக்குனு நினைச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிடறாங்க. குதிகால் பிரேக்குக்கு நேரா இருந்தா, சும்மா நேரா அமுக்கினாலே அது பிரேக்குலதான் விழும்.

சீட்டையும் பாருங்க. கிளட்ச தரை வரைக்கும் முழுசா அமுக்கினாலும் முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கணும். கால் நீட்டி விறைச்சுப் போச்சுன்னா சீட் தள்ளி இருக்குன்னு அர்த்தம், அப்புறம் கிளட்ச மெதுவா விடவே முடியாது, ஏன்னா நுனிக்கால்ல தொங்கிட்டு இருப்பீங்க. கழண்டு வர்ற செருப்பு வேண்டாம், பாதத்துக்கு பெடல் தெரியாத அளவுக்கு தடியான சோல் ஷூவும் வேண்டாம். அப்புறம் கால்கிட்ட தண்ணி பாட்டில் உருண்டு பிரேக்குக்கு அடியில போறது, மேட் நகர்ந்து பெடல்ல மாட்டிக்கிறது, இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஓடற வண்டில பிரேக் இறங்கலன்னா அப்ப தெரியும்.

இப்ப மெயின் விஷயம். கிளட்ச் உள்ள என்ன பண்ணுதுன்னு ஒரு தடவை மனசுல படம் வந்துடுச்சுன்னா பாதி பிரச்சினை முடிஞ்சுது.

இன்ஜின் சும்மா நிக்கறப்பவே கிட்டத்தட்ட 800 ஆர்பிஎம்ல ஓடிட்டு இருக்கு, அதாவது நிமிஷத்துக்கு 800 சுத்து, நொடிக்கு 13 சுத்து. உங்க சக்கரம் சுத்தாம அப்படியே நிக்குது. சுத்திட்டு இருக்கற ஒண்ணையும் நின்னுட்டு இருக்கற ஒண்ணையும் டக்குனு சேர்த்தா என்ன ஆகும்? ஒண்ணு சக்கரம் குதிக்கணும், இல்ல இன்ஜின் நிக்கணும். உங்க வண்டில ரெண்டுமே நடக்குது, அதான் தூக்கிப் போடறதும் ஆஃப் ஆகறதும். இன்ஜின் பக்கம் ஃப்ளைவீல்னு கனமான ஒரு இரும்புத் தட்டு, அதுக்கும், ஸ்பிரிங்கால அமுக்கற பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல கிளட்ச் பிளேட் இருக்கு, அது கியர் பாக்ஸோட சேர்ந்தது. நீங்க பெடல அமுக்கினா பிடி விட்டுப் போகும், கால எடுத்தா ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கும். நடுவுல ஒரு இடம் இருக்கு, அங்க பிளேட் வழுக்கிகிட்டே பிடிக்க ஆரம்பிக்கும், இன்ஜின் கொஞ்சம் இறங்கி வரும், சக்கரம் கொஞ்சம் ஏறி வரும், ரெண்டும் ஒரே வேகத்துக்கு வந்து கை கோத்துக்கும். ஹாஃப் கிளட்ச், பைட்டிங் பாயிண்ட்னு எல்லாம் சொல்றாங்களே அது இதான். பெடலோட மொத்த தூரத்துல அந்த இடம் ரெண்டு விரல் அகலம் கூட இருக்காது. மத்த இடத்துல எல்லாம் கால வேகமா கொண்டு போகலாம், ஒரு நஷ்டமும் இல்ல. அந்த ரெண்டு விரல்ல மட்டும் மெதுவா போகணும். "கிளட்ச மெதுவா விடு, மெதுவா விடு"ன்னு எல்லாரும் கத்துவாங்க, எங்க மெதுவான்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

இந்த இடம் வண்டிக்கு வண்டி மாறும். கேபிள் கிளட்ச் வண்டியா இருந்தா, அதாவது பெடல் ஒரு கம்பியால கிளட்ச இழுக்கற வண்டின்னா, பிளேட் தேயத் தேய இது மேல ஏறிட்டே போகும். உங்களது பழைய வண்டி, ஸ்கூல் வண்டில பிடிச்ச இடத்துலயே இதுலயும் பிடிக்கும்னு உங்க கால் நம்பிட்டு இருக்கு. அதனால அந்த இடத்த புதுசா தேடிக் கண்டுபிடிக்கணும்.

ஆள் இல்லாத சமதளமான இடத்துக்கு வண்டிய கொண்டு போங்க. ஸ்டார்ட் பண்ணி கிளட்ச முழுசா அமுக்கி ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஹேண்ட் பிரேக்க எடுத்துடுங்க. வலது கால் பிரேக் மேல சும்மா தொடாம நிக்கட்டும், ஆக்சிலேட்டர் பக்கமே போகக் கூடாது. இப்ப இடது குதிகால தரையில வெச்சுகிட்டு கிளட்ச கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கனமாகும், ஆர்பிஎம் முள் லேசா இறங்கும், ஸ்டியரிங்ல ஒரு மெல்லிய நடுக்கம் வரும், வண்டி அசையப் பார்க்கும். அங்கயே நிறுத்துங்க, அதுதான் முக்கியம். வண்டி நகர ஆரம்பிச்ச சந்தோஷத்துல கால சடார்னு எடுத்துடறதுதான் நூத்துக்கு தொண்ணூறு பேர் பண்ற தப்பு, பிளேட் இன்னும் வழுக்கிட்டுத்தான் இருக்கு, கை கோத்து முடியல. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க, வண்டி ரெண்டு மூணு அடி நகர்ந்ததும் மிச்சத்த விடுங்க. ஆக்சிலேட்டரே இல்லாம வண்டி நடக்கற வேகத்துல தானா போகும். மறுபடி கிளட்ச அமுக்கி பிரேக் போட்டு நிறுத்துங்க, மறுபடி எடுங்க. இப்படி ஒரு இருபது முப்பது தடவை. போர் அடிக்கும், தெரியும். ஆனா நான் பார்த்த வரைக்கும் இந்த அரை மணி நேரம் பண்ணினவங்களுக்கு மறுபடி சிக்னல் பயம் வந்ததில்ல.

அது செட் ஆன அப்புறம்தான் ஆக்சிலேட்டர சேர்க்கணும். பெட்ரோல் வண்டில கீழ் ஆர்பிஎம்ல இழுவை கம்மி, டீசல் மாதிரி வெறும் கிளட்ச்லயே எல்லா இடத்துலயும் கிளம்பாது. ஆக்சிலேட்டர லேசா தொட்டு 1200லிருந்து 1500 வரைக்கும் வெச்சுகிட்டு அதே இடத்துல கிளட்ச பிடிச்சு விடுங்க. வ்ர்ர்ரூம்னு கத்தற அளவுக்கு ரேஸ் பண்ணி கிளட்ச பாதில வெச்சிருந்தா வண்டி கிளம்பும்தான், ஆனா அந்த எரியற வாடை வருதே, அது உங்க கிளட்ச் பிளேட்.

வண்டி ஆஃப் ஆச்சுன்னா அதுக்காக கூச்சப்படாதீங்க, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. ஆஃப் ஆகப் போகுதுன்னு உதறல் தெரிஞ்சா பலரும் ஆக்சிலேட்டர ஓங்கி மிதிக்கறாங்க, வண்டி பாஞ்சிடும். உதறினா கிளட்ச மறுபடி அமுக்கணும், அதான் முதல் ரியாக்ஷனா இருக்கணும்.

ஓடற வண்டில கியர் மாத்தறது இதவிட சுலபம். ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்கறதும் கிளட்ச அமுக்கறதும் ஒண்ணா நடக்கணும், கியர் போட்டு கிளட்ச விட்டுகிட்டே ஆக்சிலேட்டர் குடுங்க. சக்கரம் ஏற்கனவே சுத்திட்டு இருக்கறதால ஹாஃப் கிளட்ச்ல ரொம்ப நேரம் நிக்க வேண்டாம். கியர் இறக்கறப்ப மட்டும் தலை முன்னாடி ஆடுதுன்னா, கிளட்ச விடறதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டர ஒரு தட்டு தட்டுங்க, கீழ் கியருக்கு இன்ஜின் வேகமா சுத்தியாகணும், நீங்களே அந்த வேகத்த குடுத்துட்டா குலுங்காது.

அடுத்தது பிரேக்கா கிளட்சா. பிரேக்தான் முதல்ல. ஃபோர்த் கியர்ல 60ல போறீங்க, முன்னாடி சிக்னல் விழுந்துடுச்சு. ஆக்சிலேட்டர விடுங்க, பிரேக் பிடிங்க, கிளட்ச தொடாதீங்க. கியர்ல இருக்கற வரைக்கும் இன்ஜினும் சேர்ந்து வண்டிய பிடிச்சு இழுக்குது, பிரேக்குக்கு அது இலவசமா கிடைக்கிற உதவி. வேகம் குறைஞ்சு ஆர்பிஎம் 1000 கிட்ட வந்து இன்ஜின் முனக ஆரம்பிக்கறப்ப கிளட்ச அமுக்குங்க, ஃபோர்த்ல இது சுமார் 30ல வரும். முதல்லயே கிளட்ச அமுக்கிட்டீங்கன்னா வண்டி இன்ஜின்ல இருந்து கழண்டு சும்மா உருளும், இறக்கத்துல இது ரொம்ப ஆபத்து. ரெண்டே ரெண்டு இடத்துல மட்டும் இந்த வரிசை மாறும். ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துட்டு இருந்தா கிளட்சும் பிரேக்கும் கிட்டத்தட்ட ஒண்ணா போகணும், இல்லன்னா ஆஃப் ஆகிடும். திடீர்னு யாராவது குறுக்க வந்தா ரெண்டையும் சேர்த்து ஓங்கி மிதிங்க, அங்க யோசனைக்கு இடமே இல்ல. அந்த நேரத்துல ஆஃப் ஆனா ஆகிட்டு போகட்டும், வண்டி நின்னா போதும்.

இறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டினா பெட்ரோல் மிச்சம்னு சொல்ற ஆள் எல்லா இடத்துலயும் ஒருத்தர் இருப்பாரு. இன்ஜெக்ஷன் வண்டில (கார்புரேட்டர் இல்லாம கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல பெட்ரோல் பீய்ச்சறது) கியர்ல வெச்சு ஆக்சிலேட்டர விட்டா பெட்ரோல் சப்ளையே கட் ஆகிடும், நியூட்ரல்லதான் இன்ஜின் ஐடில்ல, அதாவது சும்மா ஓடறதுக்கு, பெட்ரோல் குடிக்கும். இன்னும் சிலர் இன்ஜினையே ஆஃப் பண்ணிடறாங்க. பிரேக் லேசா இருக்கறதே இன்ஜின் ஓடறப்ப கிடைக்கிற வேக்குவம் உதவிலதான், ஆஃப் பண்ணிட்டா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிடும். எந்த கியர்ல அந்த மேட்ட ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க.

மேட்டுக்கு ஹேண்ட் பிரேக்தான் உங்க மூணாவது கால். நின்ன உடனே ஹேண்ட் பிரேக்க இழுத்துடுங்க. கிளம்பறப்ப ஃபர்ஸ்ட் போட்டு ஆக்சிலேட்டர் 1500 கிட்ட வெச்சு கிளட்ச அந்த ரெண்டு விரல் இடத்துக்கு கொண்டு வாங்க, வண்டி கயித்துல கட்டின மாடு மாதிரி முன்னாடி முட்டும், பானெட் லேசா நிமிரும். அத பார்த்த அப்புறம்தான் ஹேண்ட் பிரேக்க இறக்கணும். பானெட் அசையறதுக்கு முன்னாடி இறக்கினா உருளும், அசைஞ்ச அப்புறம் இறக்கினா உருளாது. பின்னாடி எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் பானெட்ட மட்டும் பாருங்க. ஹேண்ட் பிரேக் போடாம ஹாஃப் கிளட்ச்லயே வண்டிய மேட்டுல நிறுத்தி வெக்கறது ஸ்டைலா தெரியும், நானும் ஆரம்பத்துல பண்ணினேன், ஒரு பாலம் ஏறற டிராஃபிக்ல கால் மணி நேரம் அப்படி நின்னு பிளேட்ட பொசுக்கினேன். கியர் பாக்ஸ இறக்கித்தான் மாத்தணும், பிளேட் விலைய விட அந்த வேலைதான் பெருசு.

உங்க வண்டி பழசுன்றதால ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. காலி ரோட்டுல ஃபோர்த் கியர்ல 40ல போறப்ப ஆக்சிலேட்டர நல்லா குடுங்க. ஆர்பிஎம் சட்டுனு ஏறி வண்டி வேகம் மட்டும் ஏறலன்னா பிளேட் வழுக்குது, அப்ப தப்பு உங்க கால் மேல இல்ல, மெக்கானிக்க பாருங்க. அது நல்லா இருந்தா இனிமே காப்பாத்திக்கோங்க, ஓட்டறப்ப இடது கால கிளட்ச் மேல ரெஸ்ட்ல வெக்காதீங்க, பக்கத்துல தரையில வெச்சுக்கோங்க. கால் கனத்துக்கே பிடி கொஞ்சம் தளரும், பெடல அமுக்கறப்ப கிளட்ச் பிடிய விடுவிக்கற ரிலீஸ் பேரிங்கும் தேயும். சிக்னல்ல அரை நிமிஷத்துக்கு மேல நிக்கணும்னா நியூட்ரல் போட்டுட்டு கால எடுத்துடுங்க.

ஆட்டோமேட்டிக் வாங்கலாம், தப்பே இல்ல, தினம் நெரிசல்லயே ஓட்டறவங்களுக்கு நானே சொல்லுவேன். ஆனா கிளட்ச் வரலன்ற காரணத்துக்காக இப்பவே மாறாதீங்க, இன்னும் ரெண்டு வாரம் குடுத்துப் பாருங்க. அப்படியே மாறினாலும் முதல் சில நாள் இடது கால சீட் பக்கமா பின்னாடி இழுத்து வெச்சுகிட்டு ஓட்டுங்க, இல்லன்னா பழக்க தோஷத்துல கிளட்ச்னு நினைச்சு அகலமான அந்த பிரேக் பெடல தரையோட மிதிச்சிடுவீங்க, பின்னாடி வர்றவருக்கு அது தெரியாது.